சிற்றிலும் சிம்ஸும்: வாழ்வுப் பாவனை விளையாட்டுகளில் குழந்தைக் கற்பனை – தானா ராத்தா தேயிலைத் தோட்டப் பின்புலத்தில் ஒரு நோக்கு

முன்னுரை

தமிழில் குழந்தைகளின் விளையாட்டு நெடுங்காலமாக இலக்கியப் பொருளாக இருந்து வந்துள்ளது. பெண்மக்கள் மணலில் கட்டிய சிறுவீட்டையும், அவர்கள் சமைத்த சிறுசோற்றையும், சிறுவர் உருட்டிய சிறுதேரையும் புலவர்கள் பாடியுள்ளனர். அப்பாடல்களை நாம் வகுப்பறைகளில் மகிழ்வோடு விளக்கி வருகின்றோம். ஆயினும், அதே விளையாட்டு இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் நிகழும்போது நம் பார்வை மாறிவிடுகின்றது. கண்ணுக்குக் கேடு, படிப்புக்குத் தடை என்னும் இரண்டு தீர்ப்புகளோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. அவ்வச்சம் முற்றிலும் பொருளற்றது என நாம் கூறவில்லை. எனினும், தீர்ப்புக்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய வினா ஒன்றுள்ளது. குழந்தை அத்திரையில் உண்மையில் என்ன செய்கின்றது என்பதே அவ்வினா.

ஒரு வீட்டையோ பண்ணையையோ ஊரையோ அமைத்து, அதில் மாந்தரைக் குடியேற்றி, அவர்களின் உணவு, உறக்கம், தொழில், உறவு ஆகியவற்றை நடத்திச் செல்லும் கணினி விளையாட்டுகளை இக்கட்டுரையில் 'வாழ்வுப் பாவனை விளையாட்டுகள்' எனக் குறிப்பிடுகின்றோம். பகைவரை வீழ்த்துவதோ இலக்கை எட்டுவதோ இவற்றில் முதன்மை பெறுவதில்லை. இவற்றைப் பகாங் மாநிலம், கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் பின்புலமாகக் கொண்டு நோக்குகின்றோம். இப்பின்புலத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. வீடு, நிலம், உழைப்பு, அண்டை அயல் ஆகிய நான்குமே இவ்விளையாட்டுகளின் மூலப்பொருள்கள். தோட்டத் தமிழரின் வரலாறும் இந்நான்கைப் பற்றியதேயாகும். எனவே, திரையிலுள்ள வாழ்வையும் மண்ணில் நடந்த வாழ்வையும் ஒப்புநோக்க இதனினும் பொருத்தமான இடம் நம் நாட்டில் அரிது எனலாம்.

சிற்றில் மரபு

சங்க இலக்கியத்தில் பெண்மக்கள் மணலில் வீடும் பாவையும் செய்து ஆடுதல் 'வண்டல்' எனப்பட்டது. ஐங்குறுநூற்றின் நெய்தற் பகுதியில் அம்மூவனார் காட்டும் சிறுமி ஒருத்தி இங்கு நினைக்கத்தக்கவள். அவள் செய்த வண்டற்பாவையைக் கடல் கவர்ந்து சென்றுவிடுகின்றது. சினங்கொண்ட அவள் நுண்மணலை அள்ளி அள்ளி இட்டுக் கடலையே தூர்க்க முற்படுகின்றாள். அதற்கடுத்த பாடலில் வருபவளோ கண் சிவக்க அழுது நிற்கின்றாள். பாவை மணல் என்பதை இருவரும் அறிவர். ஆயினும் இழப்பு மெய்யானது. பாவனை விளையாட்டின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது.

கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலிப் பாடலொன்றில், தெருவில் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைத்த சிறுவன் பிற்காலத்தில் தலைவனாக வருகின்றான். ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும் சிற்றில் சிதைக்க வேண்டா என்னும் வேண்டுகோளாகவே அமைத்துள்ளார். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இவ்வேண்டுகோள் சிற்றிற் பருவம் என்னும் தனிப் பருவமாகவே நிலைபெற்றது.

இம்மரபிலிருந்து மூன்று கூறுகளைப் பெறலாம். முதலாவது, சிற்றில் கைக்கெட்டிய பொருளால் ஆவது. மணலும் இலையும் சிரட்டையுமே அதற்குப் போதும். இரண்டாவது, அதற்குள் ஆட்சி குழந்தையுடையது. பெரிய வீட்டில் சொல்வதைக் கேட்கும் சிறுமி சிறிய வீட்டில் தானே சொல்பவளாகின்றாள். மூன்றாவது, அது சிதையக் கூடியது. அலையோ மழையோ ஒரு சிறுவனின் காலோ எந்நேரமும் வரலாம். நம் நாட்டில் மலாய்க் குழந்தைகளோடு சேர்ந்து நம் குழந்தைகளும் ஆடிய 'மாசாக்-மாசாக்' என்னும் சமையல் விளையாட்டிலும், சொப்பு விளையாட்டிலும், அப்பா அம்மா விளையாட்டிலும் இம்மூன்றையும் காணலாம்.

இருபதாம் நூற்றாண்டின் உளவியலும் இதற்கு அண்மையிலேயே வந்து நின்றது. 1933ஆம் ஆண்டு ஆற்றிய உரையில் ருசிய உளவியலறிஞர் வைகாட்ஸ்கி, கற்பனை விளையாட்டு கட்டற்றது என்னும் கருத்தை மறுத்தார். உண்மையிலேயே உடன்பிறந்த சிறுமியர் இருவர் 'அக்கா தங்கை' விளையாட்டு ஆடுவதை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். வாழ்வில் எண்ணாமல் நடந்துகொள்வது ஆட்டத்தில் விதியாகிவிடுகின்றது. உடன்பிறந்தோர் எப்படி நடக்க வேண்டும் என்பதை அவர்கள் ஆடும்போதுதான் உணர்கின்றனர். ஆகவே, பாவனைக்கு விதி உண்டு. அவ்விதி குழந்தை கண்ட வாழ்விலிருந்து வருகின்றது. கணினி விளையாட்டைத் திறனாய்வதற்கு இக்கருத்து நமக்கு அடிப்படையாகின்றது.

பொம்மை வீடு திரைக்கு வந்த வரலாறு

1985இல் டேவிட் கிரேன் உருவாக்கிய 'லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்' என்னும் விளையாட்டு, கணினிக்குள் ஒரு சிறு மனிதன் வாழ்வதாகவும் ஆடுபவர் அவனுக்கு ஒரு வீடு தருவதாகவும் பாவித்தது. 1996இல் ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 'தமகோச்சி' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதிலுள்ள உயிருக்கு உணவூட்டித் தூய்மை செய்யாவிடில் அது இறந்துவிடும். அதே ஆண்டில் யசுஹிரோ வாடாவின் 'ஹார்வெஸ்ட் மூன்' பண்ணை வாழ்வை விளையாட்டாக்கியது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் வில் ரைட் வடிவமைத்த 'தி சிம்ஸ்' வெளிவந்தது. 2001இல் ஜப்பானில் வெளியான 'அனிமல் கிராசிங்', 2009இல் வந்த 'ஃபார்ம்வில்', எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளிவந்த 'ஸ்டார்டியூ வேலி' ஆகியன இவ்வரிசையில் பின்னர் இடம்பெற்றன.

இவற்றுள் இரண்டின் பிறப்பு வரலாறு நம் பொருளுக்கு நெருங்கியது. 1991ஆம் ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் வில் ரைட் தம் வீட்டை இழந்தார். மீண்டும் ஒரு வீட்டை அமைத்து, ஒவ்வொரு பொருளாக வாங்கிச் சேர்த்த பட்டறிவே சிம்ஸ் விளையாட்டுக்கு ஒரு தூண்டுதலாயிற்று. அவர் அதனைப் பொம்மை வீடு எனச் சொல்லி முன்வைத்தபோது நிறுவனத்தார் ஆர்வம் காட்டவில்லை. அனிமல் கிராசிங்கை உருவாக்கியவர்களுள் ஒருவரான கட்சுயா எகுச்சி, நிண்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றச் சிபாவிலிருந்து கியோட்டோவுக்கு இடம்பெயர்ந்தவர். குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்திருந்த ஏக்கத்திலிருந்து அவ்வூரைக் கற்பித்தார். ஒன்று வீடிழந்தவரின் ஆட்டம். மற்றொன்று ஊர் பிரிந்தவரின் ஆட்டம். வண்டற்பாவையை இழந்த சிறுமியிடமிருந்து இவர்கள் வெகு தொலைவில் இல்லை.

நிரலின் சட்டம்

ஆயினும், மணற்சிற்றிலுக்கும் திரைச்சிற்றிலுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. மணலுக்குக் கருத்து இல்லை, நிரலுக்கு உண்டு. முதல் சிம்ஸ் விளையாட்டில் மனிதரின் தேவைகள் எட்டு என வகுக்கப்பட்டன. பசி, வசதி, தூய்மை, கழிப்பு, ஆற்றல், பொழுதுபோக்கு, உறவாடல், இருப்பிடச் சூழல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுகோல் திரையில் ஏறி இறங்கும். விலையுயர்ந்த கட்டில் விரைவாகக் களைப்பை நீக்கும். மலிவான கட்டிலில் உறங்குபவன் அரைகுறையாகவே தேறுவான். பொருள் சேரச் சேர மகிழ்ச்சியும் எளிதாகின்றது. இது நுகர்வுப் பண்பாட்டைப் போற்றுகின்றதா, எள்ளுகின்றதா என்னும் விவாதம் அவ்விளையாட்டின் தொடக்க ஆண்டுகளிலேயே எழுந்தது. கொன்சாலோ ஃபிராஸ்கா 2001இல் எழுதிய திறனாய்வு அதற்குச் சான்றாகும்.

நம் பார்வையில் இவ்விவாதத்தைவிட முதன்மையானது வேறொன்று. வைகாட்ஸ்கி கூறியவாறு பாவனையின் விதி குழந்தையின் வாழ்விலிருந்து வர வேண்டும். இங்கோ விதியின் பெரும்பகுதி ஆயத்தமாகவே வருகின்றது. குடும்பம் என்றால் என்ன, வேலை என்றால் என்ன, யார் யாருக்கு உறவு என்பனவற்றை வேறு நாட்டில் யாரோ முன்கூட்டியே முடிவு செய்துவிட்டனர். ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கு மேல் குடியிருக்க இயலாது. தாயின் உடன்பிறந்தவரும் தந்தையின் உடன்பிறந்தவரும் ஒரே சொல்லில் அடங்குவர். மாமன், சித்தப்பா, பெரியப்பா என்னும் வேறுபாட்டுக்கு அங்கு இடமில்லை. திருமணத்தில் தாய்மாமனுக்கு உரிய இடத்தை அறிந்த குழந்தைக்கு இது சிறு குறையன்று.

கைத்தொலைபேசியில் கட்டணமின்றிக் கிடைக்கும் விளையாட்டுகளில் மற்றொரு சட்டமும் சேர்ந்துகொள்கின்றது. 2011இல் வெளிவந்த 'சிம்ஸ் ஃப்ரீபிளே' போன்றவற்றில் ஒரு செயல் முடிய மெய்யான மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்க விரும்பாதவர் பணம் கட்டலாம். 2020ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்ட ஃபார்ம்வில்லில், உரிய நேரத்தில் அறுவடை செய்யாத பயிர் வாடிவிடும். குழந்தையின் பொறுமையின்மை இங்கு வணிகப் பொருளாகின்றது. சிற்றிலைச் சிதைக்கும் காலை நம் புலவர்கள் பாடினர். சிற்றிலுக்கு வாடகை கேட்கும் கையை அவர்கள் அறிந்திலர்.

ஏணியை எடுத்தவர்கள்

இவ்வளவு சட்டங்களுக்கு நடுவிலும் குழந்தைகள் அடங்கிப் போய்விடவில்லை என்பதே வியப்புக்குரியது. சிம்ஸ் ஆடியவர்களிடையே பரவலாக அறியப்பட்ட குறும்பு ஒன்றுண்டு. மாந்தர் நீச்சற்குளத்தில் இறங்கியதும் ஆடுபவர் ஏணியை அகற்றிவிடுவார். வெளியேற வழியறியாத அவர்கள் களைத்து மூழ்கிவிடுவர். 2014இல் வந்த நான்காம் சிம்ஸில், வெளியீட்டின்போது விடுபட்டிருந்த குளம் சில திங்களில் சேர்க்கப்பட்டது. அப்போது ஏணியின்றியே கரையேற வகை செய்யப்பட்டிருந்தது. உடனே ஆடுபவர்கள் குளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பினர்.

இதனைக் கொடுமை மனப்பான்மை என்று கொள்வது எளிது. ஆனால், 1896இல் எல்லிஸ், ஹால் ஆகிய இருவரும் பொம்மைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலேயே குழந்தைகள் தம் பொம்மைகளுக்குச் சாவும் சடங்கும் நடத்தியமை பதிவாகியுள்ளது. சாவு வீட்டைக் கண்டு வந்த குழந்தை மறுநாள் பொம்மையைக் கிடத்தி ஒப்பாரி வைப்பதை நம் பாட்டிமாரும் அறிவர். அடித்து விலக்கும் பாட்டியும் உண்டு; பேசாமல் பார்த்திருக்கும் பாட்டியும் உண்டு. தனக்கு விளங்காத பெரிய ஒன்றைத் தன் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பதே அங்கு நடக்கின்றது.

மேலும், ஏணியை எடுப்பதும் சுவர் எழுப்புவதும் நிரலின் சட்டத்தைச் சோதிக்கும் செயல்கள். மகிழ்ச்சியை அளவுகோலால் அளந்து காட்டும் ஒரு பொம்மை வீட்டில், அளவுகோலை வேண்டுமென்றே சரிய விடும் குழந்தை, ஆட்சி தன்னுடையது என நிலைநாட்டுகின்றது. சிற்றில் மரபில் கட்டியவள் ஒருத்தி, சிதைத்தவன் ஒருவன். திரைச்சிற்றிலில் இரண்டு வேடமும் ஒரே குழந்தைக்குரியவை. சேமித்து வைத்த நிலைக்குத் திரும்பும் வசதி இருப்பதால், அழிவை மீட்கவும் முடிகின்றது. இது ஒரு பேறு; ஒரு குறையுமாகும். கடலைத் தூர்க்க முனைந்த சிறுமியின் சினமும் துயரும் மீட்கக்கூடிய இழப்பில் முழுமையாகப் பிறப்பதில்லை.

பொருளற்ற மொழியும் குழந்தையின் குரலும்

சிம்ஸ் மாந்தர் 'சிம்லிஷ்' என்னும் மொழியைப் பேசுகின்றனர். நடிகர்கள் அவ்வப்போது புனைந்து பேசிய ஒலிகளால் ஆன இதற்கு அகராதிப் பொருள் இல்லை. சினம், மகிழ்ச்சி, கெஞ்சல் ஆகியவற்றின் ஏற்ற இறக்கம் மட்டுமே உண்டு. முதல் நோக்கில் இது ஒரு சிக்கன ஏற்பாடு போலத் தோன்றும். குழந்தையின் நோக்கில் இதுவே அவ்விளையாட்டின் பெருங்கொடையாகும். மரப்பாச்சியின் வாய் மூடியிருப்பதால்தான் குழந்தை அதற்காகப் பேசுகின்றது. சிம்லிஷும் அத்தகைய மூடிய வாயே.

தானா ராத்தாவில் வளரும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கற்பித்துக்கொள்வோம். அவளுடைய பாட்டி தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். சிறுமி திரையில் ஒரு வீடு கட்டுகின்றாள். முதியவள் ஒருத்தியைக் குடியேற்றுகின்றாள். அம்முதியவள் வாசலில் நின்று ஏதோ ஒலி எழுப்ப, சிறுமி அதற்குக் குரல் கொடுக்கின்றாள்: "மழை வருது பாரு, கொடியில கெடக்குற துணிய எடுடி!" அந்நொடியில் கலிபோர்னியாவில் எழுதப்பட்ட வீடு மலையகத்து வீடாகிவிடுகின்றது. அச்சொல் நிரலில் இல்லை. சாரலும் குளிரும், உலராத துணியும், அதட்டலுக்குள் ஒளிந்த அன்பும் அவள் வீட்டிலிருந்து வந்தவை. வைகாட்ஸ்கி கூறிய விதி மீண்டும் குழந்தையின் வாழ்விலிருந்தே பிறக்கின்றது.

எனவே, ஒரு வாழ்வுப் பாவனை விளையாட்டின் தரத்தை அதன் படங்களின் அழகைக் கொண்டு அளத்தல் போதாது. அது எவ்வளவு வெற்றிடத்தைக் குழந்தைக்கு விட்டுவைத்துள்ளது என்பதே உரிய அளவுகோலாகும். ஆனால், வெற்றிடம் தானாக நிரம்பிவிடாது. பாட்டியின் பேச்சைக் கேட்டிராத குழந்தை அவ்விடத்தில் விளம்பரத்தின் குரலைத்தான் இட்டு நிரப்பும்.

தேயிலை மலையும் திரைப் பண்ணையும்

மலாய்மொழியில் 'தானா ராத்தா' என்பதற்குச் சமநிலம் என்பது பொருள். சிம்ஸ் விளையாட்டிலும் வீடு கட்டுவோருக்கு முதலில் தரப்படுவது வெறுமையான ஒரு மனையே. ஆனால், கேமரன் மலையில் தமிழர் வந்து சேர்ந்தபோது அவர்களுக்கென மனை ஏதும் காத்திருக்கவில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டமும், 1933இல் தொடங்கிய பாரத் தோட்டமும் மலைச்சரிவுகளில் தேயிலையைப் பயிரிட்டன. தமிழ்த் தொழிலாளர் லயங்களில் குடியேறினர். வீடு தோட்டத்துடையது, வேலை உள்ளவரை மட்டுமே வீடு. மலேசியத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் சொந்த வீட்டுக் கோரிக்கை மீண்டும் மீண்டும் எழுந்தமைக்கு இதுவே காரணம். தோட்ட வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் சட்டம் 1990இல் இயற்றப்பட்டபோதும், தரமான வீடு சொந்த வீடாகிவிடவில்லை.

இப்பின்புலத்தில் பண்ணை விளையாட்டுகளை நோக்கும்போது சில முரண்கள் புலப்படுகின்றன. ஸ்டார்டியூ வேலியில் ஆடுபவர் நிறுவன வேலையைத் துறந்து, தாத்தா விட்டுச்சென்ற பண்ணைக்கு வருகின்றார். தோட்டத்துத் தாத்தா பேரனுக்கு நிலம் விட்டுச் செல்லவில்லை. அவர் தம் வாழ்நாள் முழுவதும் பண்படுத்திய நிலம் பிறருடையது. அனிமல் கிராசிங்கில் வீடு கட்டக் கடன் தரும் வணிகர் வட்டி கேட்பதில்லை, தவணையும் விதிப்பதில்லை. கங்காணியிடம் பெற்ற முன்பணத்தோடு கடல் கடந்தோரின் வழிவந்தோர்க்கு இத்தகைய கடன் தேவதைக் கதையாகவே தோன்றும். திரையில் ஒரு சொடுக்கில் விளைச்சல் கூடைக்குள் விழுகின்றது. மலையில் கொழுந்து நிறுத்துப் பார்க்கப்பட்டது. நிறையே கூலியை முடிவு செய்தது. கைவிரலால் கிள்ளியது போய்க் கத்தரிக்கோல் வந்து, பின்னர் இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் வந்துவிட்டது. இன்று அவ்வேலையைப் பெருமளவில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே செய்கின்றனர். கொழுந்து எடுத்த கைகளின் அறிவைப் பேரக்குழந்தைகள் காணும் வாய்ப்பும் குறைந்து வருகின்றது.

தேயிலை மலையைக் காண வரும் பயணியின் கண்ணுக்கும் பண்ணை விளையாட்டின் கண்ணுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் பச்சையைக் காண்கின்றன; முதுகுவலியைக் காண்பதில்லை. ஆயினும், இதனைக் கொண்டு இவ்விளையாட்டுகளைப் பொய் என ஒதுக்கிவிடுதல் சரியாகாது. சொந்த நிலம், காலக்கெடு இல்லாக் கடன், தானே வளைத்துக் கட்டிய வீடு ஆகியன தோட்டத்து மக்கள் மூன்று தலைமுறையாகக் கண்ட கனவுகளே. குழந்தை திரையில் அறை அறையாக வீட்டைப் பெருக்கும்போது, தன் குடும்பத்தின் பழைய ஆசை ஒன்றையும் அறியாமலேயே ஆடுகின்றது எனலாம். அறியாமல் ஆடுவதற்கும் அறிந்து ஆடுவதற்கும் இடையிலுள்ள தொலைவுதான் நம் கவலைக்குரியது.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 20இல் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' உலகெங்கும் வெளியானது. வீட்டுக்குள் அடைபட்ட இலட்சக்கணக்கானோர் அத்தீவில் மரம் நட்டு, அண்டை வீட்டாரைச் சந்தித்தனர். அதற்குரிய கருவியின் விலை எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டக்கூடியதன்று. சிற்றிலுக்கு மணல் போதுமாயிருந்தது. திரைச்சிற்றிலுக்குக் காசு வேண்டும். குழந்தைக் கற்பனையின் கருவிகளிலும் வர்க்க வேறுபாடு புகுந்துவிட்டதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்ச் சமையலறை ஒன்று

தமிழ் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்த முயற்சி இல்லாமலில்லை. கனடாவின் விசை கேம்ஸ் குழுவினர் 2023ஆம் ஆண்டு ஜூலை 31இல் வெளியிட்ட 'வெண்பா' அத்தகையது. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் ஆகிய இருவரின் குடும்பக் கதை அது. தாயிடமிருந்து வந்த சமையற்குறிப்பு ஏடு சிதைந்துள்ளது. விடுபட்டவற்றை ஊகித்து இட்டிலியும் புட்டும் ஆக்க வேண்டும். பின்பகுதியில் வளர்ந்த மகன் கவின் தானே அடுப்பின்முன் நிற்கின்றான். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வழங்கியது.

சிதைந்த குறிப்பை மீட்பது என்னும் உத்தி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. முன்னோர் அறிவில் விடுபட்ட இடத்தை வழிவந்தோர் தம் கையால் நிரப்புகின்றனர். ஆயினும், வெண்பா கதை சொல்லும் விளையாட்டு. ஆடுபவர் அக்கதையைக் கடக்க இயலாது. அங்கு இட்டிலிக்குச் சரியான முறை ஒன்றே உண்டு. சிம்ஸில் வீடு நம்முடையதன்று, கதை நம்முடையது. வெண்பாவில் வீடு நம்முடையது, கதை முன்னரே எழுதப்பட்டது. இவ்விரண்டும் கூடிய ஒரு விளையாட்டு, அதாவது லயத்தையும் ஆயாக்கொட்டகையையும் கோயில் திருவிழாவையும் கொடுத்துவிட்டு 'இனி நீயே நடத்து' எனக் குழந்தையிடம் விடும் ஒரு சிற்றில், நம்மவரால் செய்யத்தக்கதே. 2023 டிசம்பரில் நான்காம் சிம்ஸ், தென்கிழக்காசியச் சாயலில் 'தோமராங்' என்னும் ஊரைச் சேர்த்தது. நம் வட்டாரம் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. தோட்டம் இன்னும் நம் கண்ணிலேயே படவில்லை.

பள்ளியும் பாவனையும்

தமிழ்ப்பள்ளிகளில் கற்பனைக் கட்டுரையும் தன்கதையும் நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகின்றன. 'நான் ஒரு குடை' எனத் தொடங்கிக் கடையில் பிறந்து, குப்பையில் முடியும் கட்டுரைகளை நாம் அறிவோம். யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக மனனம் செய்யப்பட்ட அழகுத் தொடர்கள் அவற்றில் நிறைந்திருந்தன. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின், கற்பனைக்குப் புள்ளிக்கணக்கு தேவையில்லாத வாய்ப்பு நமக்குக் கிடைத்துள்ளது. திரையில் ஒரு குடும்பத்தைப் பல வாரங்கள் நடத்தி வந்த மாணவனிடம் அக்குடும்பத்தின் கதையைத் தமிழில் எழுதச் சொன்னால், மனனம் செய்த குடையைவிட உயிருள்ள மாந்தர் தாளில் இறங்குவர். அவர்களுக்குப் பெயர் வைத்தது ஏன், பாட்டி எந்த அறையில் உறங்குகின்றார், அவர் முன்பு என்ன வேலை செய்தார் என்னும் வினாக்களை ஆசிரியர் எழுப்பலாம். மூன்றாவது வினாவுக்கு விடை தேடி மாணவன் தன் வீட்டுப் பாட்டியிடமே செல்ல நேரிடும்.

பெற்றோருக்கும் இதுவே பொருந்தும். நேரக் கட்டுப்பாடு வேண்டும். பணம் கேட்கும் விளையாட்டுகளை விலக்குதல் வேண்டும். இவை காவல். காவலோடு கூட்டும் வேண்டும். "போதும், அணைத்து வை" என்பதற்கு முன்னர் "உன் வீட்டில் இன்று என்ன நடந்தது?" எனக் கேட்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், திரை மூடிய பின்னும் ஆட்டம் பேச்சாகத் தொடரும்.

முடிவுரை

வாழ்வுப் பாவனை விளையாட்டுகள் சிற்றில் மரபின் தொடர்ச்சியே என்பதும், அத்தொடர்ச்சியில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்துள்ளது என்பதும் இதுவரை கண்டவற்றால் விளங்கும். மணலில் விதி குழந்தையிடமிருந்து பிறந்தது. திரையில் விதி பிறரிடமிருந்து வந்து குழந்தையால் திருத்தப்படுகின்றது. ஏணியை எடுப்பதும், பொருளற்ற ஒலிக்குத் தமிழ்ப் பேச்சைத் தருவதும் அத்திருத்தத்தின் வடிவங்கள். அதற்கு வேண்டிய மூலப்பொருள் குழந்தை கேட்ட பேச்சும், கண்ட உழைப்பும், அறிந்த உறவுமேயாகும்.

கேமரன் மலையின் லயங்களில் வாழ்ந்தோரின் வரலாறு ஓரளவே எழுதப்பட்டுள்ளது; விளையாட்டு வடிவில் சிறிதும் இல்லை. கொழுந்து எடுத்த தலைமுறை நம்மிடையே இருக்கும்போதே அவர்களின் சொற்கள் பேரக்குழந்தைகளின் சிற்றிலுக்குள் சென்றாக வேண்டும். செல்லாவிடில், அக்குழந்தைகள் திரையில் அழகான பண்ணைகளை அமைப்பர். தம் பாட்டி எந்த மலையில் நின்று கொழுந்து எடுத்தார் என்பதை அறியார். அவ்விழப்பைச் சேமித்து வைத்த நிலைக்குத் திரும்பி மீட்க எந்த விளையாட்டிலும் வழியில்லை.